பதினொன்றரை ஃபைல்

மக்களே, உங்க அம்மாவின் குரல் நம்ம கம்ப்யூட்டரில் பதினொன்றரை ஃபைலாக இருக்கிறது. நானூறுக்கு மேல் இருந்திருக்க வேண்டியது. ஏன் இவ்வளவுதான் மிஞ்சியது என்று சின்னவள் பெரியவளானதும் கேட்பாள். பெரியவளுக்குப் பாதி தெரியும். இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். ஏ.சி. மெக்கானிக். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

அம்மா ரேடியோவில் வாசித்தாள். வீட்டுப் பெட்டியில் வருகிற ரேடியோ இல்லை, இண்டர்நெட்டில் வருவது. மணவாளக்குறிச்சியில் ரிட்டயர்டு சார் ஒருவர், கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் ஒரு அறையை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் கிடக்கிற நம்ம மாவட்டத்து ஆட்களுக்காக நடத்தினார். வாரம் இரண்டு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு, இருபது நிமிஷம். கடல் எப்படி இருக்கிறது, எந்தக் கோவிலில் யாருக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், யார் இறந்தார்கள், குழித்துறைப் பாலத்தில் வண்டி விடுகிறார்களா, ஆரல்வாய்மொழியில் காற்று எப்படி, இவ்வளவுதான். அம்மா அப்போது பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். சார் கேட்டார், போனாள். நாலு வருஷம் வாசித்தாள்.

எழுதி வைத்ததை வாசிக்கும்போது நல்ல தமிழில்தான் வாசிப்பாள். முடிக்கிற இடத்தில் நம்ம ஊர்ப்பேச்சு வந்துவிடும். “கடலுக்குப் போறவங்க ரெண்டு நாளு பொறுத்துப் போங்க, கேட்டியளா.” “சவ அடக்கம் நாளைக்கு நாலு மணிக்கு, கேட்டியளா.” நம்ம பக்கத்தில் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை. சொன்னதை ஊன்றுவதற்கு வாலில் சேர்க்கிற ஒரு வார்த்தை அது. பதிலே தேவையில்லாத கேள்வி.

நான் அப்போது கல்ஃபில் இருந்தேன். ஒரு அறையில் எட்டுப் பேர். அம்மா வாசிக்கத் தொடங்கிய காலத்தில் எட்டுப் பேரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கொளச்சல்காரர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: “எனக்க வீட்டுக்காரி போன எடுத்தா ‘என்னவாம்’னுதான் கேப்பா. உனக்க வீட்டுக்காரி நம்ம எட்டுப் பேரையும் கேட்டியளா கேட்டியளான்னு எவ்வளவு மரியாதையா கேக்குதா பாத்தியா.” மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். “ஏன்யா, உங்க வீட்டம்மா செய்தி வாசிக்குதா, பாட்டுப் படிக்குதா?” என்பார். நம்ம பேச்சு அவர்களுக்குப் பாட்டாகத்தான் கேட்கும். நான் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான். தெரியாததைச் சொல்ல இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. போன மாசம் முதல் வாரத்தில் சார் போன் செய்தார். “ரேடியோ நின்னே ஆறு வருசமாச்சு, பழைய நிகழ்ச்சி மட்டும் சும்மா கிடக்கு. எனக்கும் வயசாயிட்டு. இந்த மாசம் முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் ஆறு மணியோட இண்டர்நெட் கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் எடுத்துருவாங்க. டீச்சர் வாசிச்சதெல்லாம் அதுலதான் கிடக்கு. உனக்கு வேணும்னா எடுத்துக்கோப்பா.”

“பென் டிரைவ்ல போட்டுத் தருவியளா சார்?”

“எங்கிட்ட இல்லியே. ரூமுக்குள்ள மழைத்தண்ணி ஏறி ஹார்டு டிஸ்க் போயிட்டு. இண்டர்நெட்டுல ஓடுறது மட்டும்தான் இருக்கு.”

ஓடுவது மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நானூற்றுச்சில்லறை வரைக்கும் நம்பர் போட்ட வரிசை. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் ஓடவிடுகிற முக்கோணப் பொத்தான். இறக்கிக்கொள்ள வழி இல்லை. கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் கேட்டேன். “அண்ணே, அது ஓடும்போதே பிடிச்சாத்தான் உண்டு” என்றான்.

பெரியவளுக்குப் படிக்க என்று வாங்கிய பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே. வேலை முடிந்து வந்து இரண்டு நாள் வீடியோ பார்த்துப் படித்தேன். சும்மா ரெக்கார்டு பொத்தானை அழுத்தினால் அது மைக்கிலிருந்து எடுக்கும். மைக்கில் எடுத்தால் ஸ்பீக்கரிலிருந்து வருகிற அம்மா குரலோடு நம்ம வீட்டு மின்விசிறி, மீன்காரர் ஹாரன், சின்னவள் இருமுவது எல்லாம் சேர்ந்து விழும். கம்ப்யூட்டர் தன் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிற சத்தத்தை எடுக்க ஒரு வழி இருக்கிறது. அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து, சவுண்ட்ஸ் போய், ரெக்கார்டிங் என்கிற தாவலைத் திறந்தால் மைக் மட்டும்தான் தெரியும். அந்த வெற்று இடத்தில் இன்னொரு ரைட் கிளிக். அணைத்து வைத்திருக்கிற கருவிகளையும் காட்டு என்று ஒரு வரி வரும். அதில் டிக் போட்டால் ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று மங்கலாக எழும்பி வரும். அதை எனேபிள் செய்து, மைக்கை டிஸேபிள் செய்து, இதையே டீஃபால்ட் ஆக்க வேண்டும். பிறகு பதினைந்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தூங்கிப்போகிற செட்டிங்கை ‘நெவர்’ என்று மாற்ற வேண்டும். மெயில் வந்தால் டிங் என்று அடிக்கிற சத்தத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த டிங்கும் அம்மா பேச்சுக்கு நடுவில் விழும். ஒவ்வொன்றையும் பெரியவளின் பழைய ரஃப் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்தேன். ஏ.சி.யில் வயர் மாட்டுவது மாதிரிதான், எது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால் பயமில்லை.

ரெக்கார்டு செய்வதற்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தான் அந்தப் பையன். சிவப்புப் பொத்தான் ஒன்று, ஓடுகிற நேரம் ஒன்று, வேறு ஒன்றும் அதில் தெரியாது.

முதலில் சோதனைக்கு ஒன்றாம் நம்பரைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இரண்டு பேரும் கோவிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தீர்கள். “அன்பான உறவுகளே” என்று அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் தாள் புரட்டுகிற சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இன்னா, தாளு ஒட்டிப்போச்சு” என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னாள். ஒரு நிமிஷம் ரெக்கார்டு ஆகவிட்டு நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். தெளிவாக விழுந்திருந்தது. எழுந்து பின்பக்கம் போய் வாஷிங் கல் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். வெயில் காலில் சுட்டபோதுதான் செருப்புப் போடாதது தெரிந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி மியூட் போட்டேன். அதன் பக்கத்தில் சின்னப் பெருக்கல் குறி விழுந்தது.

ஏன் சத்தமே கேட்கவில்லை என்று பெரியவள் கேட்டபோது உன் பரீட்சைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று சொன்னேன். அது பொய். இன்னொரு காரணமும் வைத்துக்கொள்ளலாம்: பதினாலு வருஷம் ஷிஃப்ட் ஆட்கள் படுத்துத் தூங்குகிற அறையில் கிடந்தவன், சத்தத்தை வெளியே விடக் கூடாது என்பது கை தானாகச் செய்கிற பழக்கம். அதுவும் முழுசாக உண்மையில்லை. என்னால் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். கேட்காமலே எடுத்து வைத்துவிடலாம், என்றைக்காவது தைரியம் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிற மாதிரி அந்தப் பக்கத்தில் வசதி இருந்தது. காலையில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மானிட்டரை அணைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் வந்து நிறுத்தி, அந்தத் தேதி போட்டுச் சேமிப்பேன். ஆறு மணி நேரம் என்று காட்டும். ஒவ்வொரு ஃபைலும் நல்ல கனம், அளவைப் பார்த்தாலே திருப்தியாக இருக்கும். தக்கலையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏ.சி. கழற்றிக்கொண்டு நிற்கும்போது, இப்போது அவள் நூற்றிருபதாவது நாளை வாசித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். யாருமில்லாத வீட்டில் அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதில் ஒரு நிம்மதி. நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மாசக் கடைசியில் முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டது என்றுதான் இருந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. மறுநாள் கழிந்தால் கல்லறைத் திருநாள், கல்லறையை வெள்ளையடித்துவிட்டு மத்தியானம் வந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் கேட்டாள்.

“அப்பா, அம்மா எப்பிடிப் பேசுவா?”

அம்மா போகும்போது அவளுக்கு மூன்று வயசு. பெரியவள் என்னைப் பார்த்தாள். “எவ்வளவு எடுத்து வச்சிருக்கு, ஒண்ணு போட்டுக் காட்டுங்கப்பா” என்றாள்.

“நீ போடு” என்றேன். கை கழுவ எழுந்து போனேன்.

நான் வரும்போது பெரியவள் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மியூட்டை எடுத்தாச்சு, சத்தம் கூட்டியாச்சு, ஃபைல் ஓடுகிறது, நேரம் நகர்கிறது, ஒன்றும் வரவில்லை. அடுத்ததைப் போட்டாள். அதுவும் அப்படித்தான். நடுவில் இழுத்துவிட்டுப் பார்த்தாள். கடைசியில் இழுத்துவிட்டுப் பார்த்தாள். சின்னவள் ஸ்பீக்கரில் காதை வைத்து, “உஸ்ஸுங்குது” என்றாள்.

“அப்பா, மியூட்ல வச்சா ரெக்கார்டு பண்ணினிய?”

“ஆமா.”

“மூணு வாரமா?”

எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படியில்லையாம், பெரியவள் பிறகு தேடிப் படித்துச் சொன்னாள். சிலதில் மியூட்டில் இருந்தாலும் உள்ளே விழுந்துவிடும். நம்முடையதில் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம்தான் ஸ்டீரியோ மிக்ஸுக்கும் போகிறது. வெளியே கேட்காதது உள்ளேயும் விழவில்லை. ஆறு மணி நேரம் வெறும் சத்தமின்மையை எடுத்தாலும் அந்த ஃபைல் அதே கனம்தான் இருக்குமாம். கனத்தைப் பார்த்து நான் ஏமாந்தேன்.

மணி ஒன்றரை. ஆறு மணிக்குப் பக்கம் போய்விடும். பெரியவள் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. “சாருக்குப் போன் போடுங்க, ஒரு நாள் கூடத் தருவாங்களா கேளுங்க” என்றாள். போட்டேன். சார் கடலோரம் எங்கோ கல்யாண வீட்டில் இருந்தார். “அது எனக்க கையில இல்லியே மக்கா, அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்துறதுதான்” என்றார். என் போனில் திரையைப் பிடிக்கிற வசதி இல்லை. பெரியவளுக்குப் பிளஸ் டூ முடியட்டும் என்று நான் போனே வாங்கிக் கொடுக்கவில்லை. இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில், ஓடுகிற வேகத்தில்தான் எடுக்க முடியும்.

“நானூறுல எது வேணும்?” என்று பெரியவள் கேட்டாள்.

வெறும் நம்பர்கள். எதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் கேட்டவன் என்றுதானே பேர். எனக்கு ஒரு நம்பர்கூடச் சொல்லத் தெரியவில்லை. சின்னவள்தான், “கடைசியில இருந்து போடுங்க, அதுல நான் பிறந்திருப்பேன்லா” என்றாள். அதுவும் சரி என்று தோன்றியது. கடைசியிலிருந்து பதினாலு நம்பர் பின்னால் போய் அங்கிருந்து தொடங்கினோம்.

சத்தத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

“அன்பான உறவுகளே” என்று வந்ததும் சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நினைத்துவைத்திருந்த குரல் வேறு போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பெரியவளின் காதில், “அக்கா, நீ பேசுறது மாதிரி இருக்கு” என்றாள்.

“ஏட்டி, சும்மா கேளு.”

“அம்மா என்னத்துக்கு கேட்டியளா கேட்டியளாங்குதா? நமக்குத்தான் கேக்குதே.”

பெரியவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ரெக்கார்டு ஆகும்போது பேசலாமா என்று சின்னவள் பயந்து வாயைப் பொத்தினாள். மைக் அணைந்திருக்கிறது, நாம் பேசுவது அதில் விழாது என்று சொன்னேன். அதன் பிறகு அவள் ஒவ்வொரு கேட்டியளாவுக்கும் “கேட்டாச்சு” என்று பதில் சொல்லத் தொடங்கினாள். யாரோ ஒருவருடைய கல்யாண ஓலை, “கேட்டாச்சு.” இரணியல் ரயில்வே கேட் மூடல், “கேட்டாச்சு.” இரண்டு ஃபைல் அப்படிப் போயின. என் ஆயுசில் நல்ல நாற்பது நிமிஷம் அது.

நாலாவதோ ஐந்தாவதோ ஓடும்போது, கடல் நிலவரம் எல்லாம் முடிந்து, அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். தாள் புரட்டுகிற சத்தம் இல்லை. எழுதி வைக்காததைச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

“அடுத்த ரெண்டு வாரம் நான் வரமாட்டேன். சார் வாசிப்பாங்க. எனக்குத் திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஒரு கட்டி இருக்கு, அது என்னன்னு பாக்கணும். சின்னதுதான். தூரத்துல இருந்து கேக்கிறவங்க யாரும் வெசனப்படண்டாம். கேட்டியளா?”

சின்னவள் “கேட்டாச்சு” என்றாள்.

அந்த ஒரு கேட்டியளா மற்றதைப் போல இல்லை. மற்றதில் எல்லாம் குரல் கீழே இறங்கி முடியும். இதில் மேலே ஏறி நின்றது. பிறகு அவள் நாலைந்து நொடி ஒன்றும் பேசவில்லை. நடத்துகிற சார் பக்கத்தில் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் விழுந்திருக்கிறது. அப்புறம் “நன்றி, வணக்கம்.”

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் நேரலையாக ஓடும்போது, இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு எண் காட்டும். அம்மாவுக்கு அந்த எண் பெரிய சந்தோஷம். “இண்ணைக்கு நாப்பத்தொண்ணு பேரு” என்று போனில் சொல்வாள். கடைசி வருஷம் எனக்கு நைட் டூட்டி. அவள் வாசிக்கிற நேரம் நான் தூங்குகிற நேரம், அறையில் இன்னும் நாலு பேர் தூங்குகிற நேரம். எண்ணில் ஒன்று குறைந்தால் அவள் வருத்தப்படுவாளே என்று, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மியூட் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான். அவளிடம் எல்லாம் கேட்டேன் என்று சொன்னேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவளோடு பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லாததால் இத்தனை நாளும் அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

“புரோகிராம் கேட்டியளா?”

“கேட்டேன். நல்லா இருந்தது.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

“வேற ஒண்ணும் இல்லியா?”

“வேற என்ன? சாப்பிட்டியா?”

“ம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

நாலு மாசம் கழித்து உங்க மாமா போன் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. “வந்தாச்சா” என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் ஏன் மறைத்தாய் என்று நானும் அவளிடம் கேட்கவில்லை, நோயாளியிடம் என்ன கேட்பது. மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகும் அது கிடந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, “உங்கம்மா எங்கிட்டச் சொல்லாம மறைச்சிட்டா மக்களே” என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் பேசுவாள். அம்மாவைக் குறை சொன்ன கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஃபைல் முடிந்து, சேமித்து, அடுத்த நம்பரைப் பெரியவள்தான் ஓடவிட்டாள். மணி மூன்றே கால். வாசித்தது சார். ஆனாலும் நிறுத்தவில்லை, என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. சார் மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது பெரியவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்பா, அந்த வாரம் நீங்க கேக்கவே இல்லியா?”

“இல்ல மக்களே. மியூட்ல போட்டுட்டு உறங்கிட்டேன்.”

“ஒரு நாளுமா?”

“அந்த வருசம் ஒரு நாளும் இல்ல.”

அப்போதுதான் அவள் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதினொரு வயசு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அம்மா, “உங்கப்பா கேட்டுட்டாரு. ஒண்ணும் சொல்லல்ல, பயந்திருப்பாரு. நாமளா அதப் பத்திப் பேசண்டாம்” என்றாளாம். இவள், ஏன் போனில் நேராகச் சொல்லாமல் ரேடியோவில் சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். “போன்ல சொன்னா அழுதுருவேன். அங்க கேக்கதுக்கு நாப்பது பேரு இருக்காங்கல்லா, அழமாட்டேன்” என்றாளாம்.

“நீங்க தெரிஞ்சும் வரல்லன்னுதான் நான் நினைச்சிருந்தேன்” என்றாள் பெரியவள். “பிறகு வந்து, அம்மா மறைச்சிட்டான்னு வேற சொன்னியளே.”

“எனக்குத் தெரியாது மக்களே.”

“இப்பத்தான தெரியுது.”

இன்னொன்றும் சொன்னாள். “அம்மா சாகுறது வரைக்கும் நீங்க கேட்டியன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தா.”

சின்னவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது அம்மா இல்ல, மாத்துங்க” என்றாள். சார் வாசித்ததை நிறுத்தி அழித்துவிட்டு, அதற்கடுத்த மூன்றையும் தாண்டிப் போனோம். அதன் பிறகு அம்மா வாசித்தவை கொஞ்சம்தான். குரல் மெலிந்து வந்தது. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கினாள். இதையெல்லாம் அன்றைக்கே தலையணைக்கு அடியில் ஓடவிட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கடைசி நம்பர் முடிந்ததும் பழையதுக்குத் திரும்பி, கை போன இடத்தில் ஒன்றைத் தொட்டோம். அதில் நல்ல குரல். ஆறு மணிக்கும் நிற்கவில்லை, சரி என்று இன்னொன்றைப் போட்டோம். ஆறு பத்துக்கு, மார்த்தாண்டத்திலிருந்து போகிற ஒரு பஸ்ஸின் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நின்றுபோனது. திரும்பத் திறந்தால் இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. சின்னவள் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள்.

கல்ஃபில் என்னோடு அறையில் இருந்தவர்கள் நாலைந்து பேருக்கு மறுநாள் போன் செய்து கேட்டேன், யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று. யாரிடமும் இல்லை. கொளச்சல்காரர், “ஆரம்பத்துல உனக்க போன்ல நாங்க கேட்டதுதான் மக்கா, வச்சிருக்கல்ல” என்றார். அவர்களாவது கேட்டார்கள்.

டாக்டரிடம் நான் அப்போதே கேட்டிருக்கிறேன், நாலு மாசம் முன்னால் நான் வந்து பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று. சொல்ல முடியாது என்றார். முன்னால் வந்திருந்தாலும் அவள் போயிருக்கலாம். ஆனால் அந்த நாலு மாசம் நான் பக்கத்தில் இருந்திருப்பேன். அவள் கேட்டதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

பதினொன்றரை ஃபைலையும் இரண்டு பென் டிரைவில் போட்டிருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. கட்டி என்று சொல்கிற அந்த ஃபைலை நான் வெட்டவில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். அன்றைக்கு மைக் அணைந்திருந்ததால் அந்த அறையில் நாம் பேசியது எதுவும் அதில் இல்லை. பெரியவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை, சின்னவளின் கேட்டாச்சும் இல்லை. இன்னும் இருபது வருஷம் கழித்து அதை ஓடவிட்டால் அம்மா மட்டும்தான் பேசுவாள், யாரோ எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து. பெரியவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள், அவள் அப்படித்தான். அவள் வாசித்ததை நான் கேட்கவில்லை என்பதை உங்க அம்மாவிடம் இனிச் சொல்ல வழியில்லை. உங்களிடம் சொல்லலாம். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எழுதிவிட்டேன்.